மோஜோ ஜோஜோவுக்கு ஒரு கட்டியக்காரன்

போன வாரம் பள்ளியிலிருந்து வந்த மகள், முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். "அம்மா, நான்தான் கிளாஸ்லயே வேகமா ஓடுவேன்னு நானே சொன்னா தப்பா?"

உண்மையிலேயே அவள்தான் வேகமாக ஓடுவாள். 7 வயது, கால் தரையில் பாவாது. அன்று விளையாட்டு நேரத்தில் அதைச் சொல்லியிருக்கிறாள். கூட இருந்த பிள்ளை "ரொம்பத்தான் பீத்திக்கிற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதாம். தப்பு என்று நான் சொன்னால், உண்மையைச் சொன்னதற்கு இன்னொரு திட்டு. தப்பில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "மொதல்ல கை கால் கழுவிட்டு வா" என்று அனுப்பிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் என் மனசில் வந்து நின்றவன் மோஜோ ஜோஜோ.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 'பவர்பஃப் கேர்ள்ஸ்' என்று ஒரு அமெரிக்க கார்ட்டூன். அதில் வரும் வில்லன்தான் மோஜோ. ப்ரொஃபசர் யுடோனியம் என்ற விஞ்ஞானி, வீட்டில் துணைக்கு யாரும் இல்லாதவர், நல்ல பெண் பிள்ளைகளை உண்டாக்க வேண்டும் என்று சர்க்கரை, மசாலா, இன்னும் நல்லது என்று உள்ள எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கிளறுவார். பெண் பிள்ளைகள் எதனால் ஆனவர்கள் என்று கேட்கும் பழைய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் வரும் பொருள்கள்தான் இவை. கிளறும்போது கெமிக்கல் எக்ஸ் என்ற திரவம் தவறிப்போய் அதில் கலந்துவிடும். வெடிக்கும். புகை அடங்கினால் மூன்று பிள்ளைகள். சிவந்த கூந்தலில் பெரிய ரிப்பன் கட்டிய ப்ளாசம், மஞ்சள் முடியை இரட்டைக் குடுமி போட்ட பபிள்ஸ், கறுப்பு முடி பட்டர்கப். பாலர் பள்ளிக்குப் போகிற வயது. கையில் விரலே வரைந்திருக்க மாட்டார்கள். அந்த விரலில்லாத கையால்தான் பல மாடி உயரப் பூதங்களைத் தூக்கி எறிவார்கள்.

இதை உருவாக்கிய கிரெய்க் மெக்ராக்கன், கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 1992-ல் ஒரு மாணவர் படமாகத்தான் முதலில் செய்தார். கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடராக வந்தது 1998 நவம்பரில். 2005 வரை 6 சீசன், 78 பகுதிகள். 2016-ல் மறுபடி புதிதாக எடுத்தார்கள். நான் இங்கே பேசுவதெல்லாம் பழையதைப் பற்றித்தான்.

நான் அதைப் பார்த்தது 2000-ஆம் வருஷம் முழுப் பரீட்சை லீவில், செய்யாறு பக்கத்துக் கிராமத்தில், தாத்தா வீட்டில். எனக்கு 10 வயது. மாமா அப்போதுதான் கேபிள் இழுத்திருந்தார். அந்தச் சானலில் பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும், இரவு ஆனால் அதே சானலில் பழைய ஆங்கிலப் படம். அதனால் பகல் முழுக்க டிவி முன்னால் நாங்கள்தான். தாத்தா தறியிலிருந்து எழுந்து வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எங்களுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்வார். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது.

அன்று மோஜோ ஜோஜோ தன் ஆய்வுக்கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். டவுன்ஸ்வில் ஊரின் நடுவில் ஒரு பூங்கா, பூங்காவுக்குள் ஒரு எரிமலை, எரிமலை உச்சியில் இவனுடைய கூடம். மனிதக் குரங்குதான். பச்சை முகம், ஊதாநிறப் போர்வை, பெரிதாகிப்போன மூளையை மூடிக்கொள்ள ஆளுயரத் தலைப்பாகை மாதிரி ஒரு கவசம். ஒரு கையை மேலே தூக்கி முட்டியை மடக்கியபடி பேசுவான்.

"இன்னா சொல்றான் பாப்பா அவன்?" என்று தாத்தா கேட்டார்.

"ஊரைப் பிடிக்கப் போறானாம் தாத்தா."

அவன் நிறுத்தவில்லை. குரல் ஏறி இறங்கியது. நடந்தான், திரும்பினான், ஜன்னல் பக்கம் போய் ஊரைப் பார்த்துக் கையை விரித்தான்.

"இன்னும் இன்னாமோ சொல்றானே?"

"அதையேதான் தாத்தா சொல்றான்."

"இப்ப?"

"இப்பவும் அதையேதான்."

தாத்தா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்ப்பது அபூர்வம். சிரித்து முடித்ததும் டிவியையே பார்த்தபடி சொன்னார்: "துரியோதனன் வருகை மாரியே இருக்குது. ஆனா இவன யாரும் கேக்கலயே. கட்டியக்காரன் இல்லாமயே பேசினு இருக்கானே, பாவம்."

தாத்தா இளவயதில் ஒரு கூத்து ஜமாவில் திரை பிடித்தவர். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜ வேஷங்கள் சும்மா வந்து நின்றுவிட மாட்டார்கள். இரண்டு பேர் ஒரு துணியை இரு முனையிலும் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ஆள். முகவீணையும் மிருதங்கமும் ஏறும். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். கட்டியக்காரன் வந்து, வருவது யார், எந்த ஊர், என்ன பெருமை என்று கேட்பான். கேட்கக் கேட்க ராஜா தன்னைப் பற்றிச் சொல்வார். நான் இன்னாருக்கு மகன், இன்ன நாட்டை ஆள்கிறவன், என் படை இத்தனை, என் தோள் இப்படி. விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஜனம் அதைக் கேட்டு ரசிக்கும். அந்தத் துணியின் ஒரு முனை பல இரவுகள் தாத்தாவின் கையில் இருந்திருக்கிறது. முன்னால் இருப்பவர்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். கட்டிய வேஷத்தின் கனத்தில் அந்த ஆளின் முதுகு வேர்வையில் நனைந்திருப்பதையும், கேள்வி வரும் வரை அவர் வாய் திறக்காமல் காத்திருப்பதையும்.

தாத்தா அன்று சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எரிமலை உச்சியில் தனியாக நிற்கிறான் மோஜோ. யாரும் கேட்கவில்லை. நான் யார் என்று அவனே கேட்டு, நான்தான் என்று அவனே சொல்லிக்கொள்கிறான்.

என் வேலை மெய்ப்புத் திருத்துவது. 14 வருஷமாக மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய இலக்கணக்காரர்கள் ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று சொல்லி, அதில் ஒன்றாகக் கூறியது கூறலை வைத்தார்கள். சொன்னதையே சொல்வது. தினமும் என் பேனா அடிப்பது அதைத்தான். மோஜோவின் பேச்சு முழுக்க அந்தக் குற்றம்தான். தமிழில் சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: இந்த ஊரை ஆளப்போகிறேன். ஆளப்போவது நான். என்னால் இந்த ஊர் ஆளப்படும். இதை ஆள்வதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, ஏனென்றால் ஆளப்போகிறவன் நான்தான். அடித்துத் திருத்தினால் ஒரே ஒரு வரிதான் மிஞ்சும். ஆனால் திருத்தவே கூடாத வரிகள் இவை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும், போன முறை சொன்னது போதவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் போதாமை மொத்தமும் அந்தத் திரும்பச் சொல்லலில்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். 1960-களில் 'ஸ்பீட் ரேசர்' போன்ற ஜப்பானிய கார்ட்டூன்களை ஆங்கிலத்தில் டப்பிங் செய்தபோது, திரையில் வாய் அசைந்துகொண்டே இருக்கும், சொல்ல வேண்டியதோ முடிந்துபோயிருக்கும். வாயசைவை நிரப்ப, சொன்னதையே வேறு மாதிரி சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஓசையைத்தான் மோஜோவுக்குக் கொடுத்தார்கள். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இடம் நன்றாகவே தெரியும். வாய் இன்னும் ஆடுகிறதே என்று சும்மா ஒரு "ஆமா, அதுதான்" வந்து விழும் இடம். அதை ஒரு மனசின் வடிவமாகவே மாற்றிவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குரல் கொடுத்தவர் ரோஜர் எல். ஜாக்சன். 'ஸ்க்ரீம்' படங்களில் போனில் பேசிக் குலைநடுங்க வைக்கும் குரலும் அவருடையதுதான்.

ஒரு பகுதியில் பபிள்ஸ் தலையில் அடிபட்டு, தன்னையே மோஜோ என்று நினைத்துக்கொள்வாள். கிள்ளினால் அழுதுவிடும் பிள்ளை, அந்த மெல்லிய குரலிலேயே மோஜோவின் வாக்கியங்களைப் பேச ஆரம்பிப்பாள். என் மகள் அதைப் பார்த்துவிட்டு மூச்சு முட்டச் சிரித்தாள். குரல் வேறு, முகம் வேறு, ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே இது யாருடைய பேச்சு என்று 7 வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த ஊரில் ஜம்பம் அடிக்கிறவன் மோஜோ மட்டும் இல்லை. ப்ரின்சஸ் மோர்பக்ஸ் என்று ஒரு பணக்கார வீட்டுப் பெண், தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவாள். பவர்பஃப் பெண்களைப் பார்த்ததும் தானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட வேண்டும். அப்பாவின் பணத்தில் பறக்கும் கவச உடை வந்துவிடும். அதையும் மாட்டிக்கொண்டு, இப்போது நானும் நீங்களும் ஒன்று என்று வந்து நிற்பாள். இல்லை என்றதும்தான் வில்லி ஆகிறாள். எனக்கு அவள்மேல் அவ்வளவாக ஒட்டுதல் வந்ததில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய பிடிவாதம் அவளுடையது.

மேஜர் மேன் வேறு மாதிரி. அவன் வில்லனாகவே வருவதில்லை. ஊரைக் காக்க வந்த புது வீரன் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அகலத் தோள், பளீர் சிரிப்பு. பெண்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் அங்கே நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருப்பான். ஊரும் இந்த மூன்று பேரையும் மறந்துவிடும். கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு விபத்தையும் அவனே ஏற்பாடு செய்து, அவனே காப்பாற்றியிருக்கிறான். பெரிய பூதம் ஒன்று ஊருக்குள் வந்து நின்றதும் கால் நடுங்கிவிடுகிறது. அந்தப் பகுதியில் என்னை உலுக்கியது மேஜர் மேன் இல்லை, டவுன்ஸ்வில் ஜனங்கள். எத்தனை முறை காப்பாற்றியிருப்பார்கள் இந்தப் பிள்ளைகள்? ஒருவன் வந்து நெஞ்சை நிமிர்த்தி "நான்" என்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்களே என்று 10 வயதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2002-ல் வந்த திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மிருகக்காட்சி சாலையிலிருக்கும் குரங்குகளுக்கெல்லாம் மோஜோ கெமிக்கல் எக்ஸ் கொடுத்துத் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறான். இனி இந்த ஊருக்கு நான்தான் ராஜா என்று அறிவித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒரு ஒராங்குட்டான் எழுந்து, இல்லை, என்னுடைய திட்டம்தான் பெரியது என்று தன் பெயரைச் சொல்லி முழங்குகிறது. அதை முடிக்கவிடாமல் இன்னொன்று. அப்புறம் ஒரு பபூன். ஒவ்வொன்றும் தன் பெயரை, தன் சூழ்ச்சியை, எதுகை மோனையோடு அடுக்கிக்கொண்டே ஊரை இடிக்கிறது. ஒன்று பேசுவது இன்னொன்றின் காதில் விழவில்லை. நடுவில் நின்று "எனக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று கத்துகிற மோஜோவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைப் போலவே ஆயிரம் பேரை உண்டாக்கிவிட்டான், அவன் சொல்வதைக் கேட்க ஒரே ஒரு காதுகூட உண்டாகவில்லை.

அந்த மூன்று பெண்கள் என்ன செய்கிறார்கள்? இதை நான் பெரியவளான பிறகுதான் கவனித்தேன். சண்டை முடிந்ததும் அவர்கள் எதுவும் சொல்வதில்லை. மேயரின் ஹாட்லைன் போன் அடித்தால் போகிறார்கள், அடித்து உதைத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வீட்டில் சாப்பாடு, குளியல், ப்ரொஃபசர் வந்து போர்த்திவிட மூவரும் ஒரே கட்டிலில் தூக்கம். காலையில் பள்ளி. அவர்களுடைய புகழைச் சொல்வதற்கென்றே தொடரில் ஒரு கதைசொல்லி இருக்கிறார். ஒவ்வொரு பகுதியும் "டவுன்ஸ்வில் நகரம்!" என்று அவர் குரலில்தான் தொடங்கும். முடியும்போது மூன்று பேர் படமும் நட்சத்திரங்களும் இதயங்களும் சுழல, இன்றைய நாள் மறுபடியும் காப்பாற்றப்பட்டது, காப்பாற்றியவர்கள் பவர்பஃப் கேர்ள்ஸ் என்று அவர் சொல்வார். டாம் கென்னியின் குரல். 'ஸ்பாஞ்ச்பாப்' குரலும் அவர்தான், டவுன்ஸ்வில் மேயர் குரலும் அவர்தான். ஆபத்து வரும்போது பதறுவார், பிள்ளைகள் தோற்கப்போகிற மாதிரி இருந்தால் கெஞ்சுவார். கூத்து பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளையாக அவரை எனக்கு வேறு யாராகவும் நினைக்கத் தோன்றவில்லை. அவர் அவர்களுடைய கட்டியக்காரர்.

இதை அடக்கம் என்று சொல்லிவிட்டால் போதாது. அடக்கமாக இரு, பொம்பளப் பிள்ளைக்கு வாய் எதற்கு என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் மகளுக்கு அதைக் கொடுக்க மாட்டேன். ப்ளாசமும் பட்டர்கப்பும் வாய் மூடி இருக்கிற பிள்ளைகள் கிடையாது. தங்களால் என்ன முடியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், எதிரியின் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார்கள். ஒரு பகுதியில் ப்ளாசமுக்கு ஊதினால் பனிக்கட்டி ஆக்கும் சக்தி வந்துவிடும். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கிற நேரம். எனக்கு மட்டும்தான் இது இருக்கிறது என்று அவளும் அலட்டிக்கொள்வாள். மற்ற இருவருக்கும் எரிச்சல் ஏறும். வீட்டில் சண்டை. ஆனால் அதற்காக அவளை யாரும் வில்லி ஆக்கிவிடவில்லை. அந்த வயதுப் பிள்ளை புதுசாக ஒன்று கிடைத்தால் காட்டத்தான் செய்யும். காட்டுவதைப் பார்க்க வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள், கோபித்துக்கொண்டாவது பார்க்கிறார்கள்.

மோஜோவுக்கு அந்த வீடு இருந்தது. இல்லாமல் போனது. அதுதான் என்னை இத்தனை வருஷம் கழித்தும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

முதலில் அவன் பெயர் வெறும் ஜோஜோ. ப்ரொஃபசரின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்கு. கையில் அகப்பட்டதையெல்லாம் உடைக்கும் சேட்டைக்காரன், ஆனால் அவர் வீட்டில் அவருக்கு இருந்த துணை அவன்தான். சர்க்கரையும் மசாலாவும் கிளறிக்கொண்டிருந்த அன்று அவரை இடித்துத் தள்ளியது அவன். கெமிக்கல் எக்ஸ் குடுவை உடைந்தது அதனால். மூன்று பெண்கள் பிறந்த அந்த வெடிப்பில்தான் அவனுடைய மூளையும் பெரிதானது. அறிவு வந்து அவன் கண் திறந்து பார்த்த முதல் காட்சி என்ன? ப்ரொஃபசர் முழங்காலில் உட்கார்ந்து மூன்று புதுக் குழந்தைகளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கிறார். இவன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஜோஜோ வெளியே போய்விடுகிறான். திரும்பி வரும்போது மோஜோ ஜோஜோ.

அந்தப் பெண்கள் உண்டாவதற்கு அவனும் ஒரு காரணம். அதைச் சொல்ல யாருமே இல்லை. அப்புறம் அவன் "நான்தான், நான்தான்" என்று சொல்லாமல் வேறு என்ன செய்வான்?

இந்த "நான்தான்" எனக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய தொகுப்பு நூலுக்கு எட்டு மாதம் மெய்ப்புப் பார்த்தேன். 900 பக்கத்துக்கு மேல். இரண்டு கட்டுரைகளில் பக்கங்கள் மாறி அச்சுக்குப் போயிருக்கும், கண்டுபிடித்தது நான். நூல் வந்தது. நன்றிப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் முதல் தாள் கொடுத்தவர் வரை எல்லோர் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. வெளியீட்டு நாளில் ஒருவர் இந்தப் பிழையே இல்லாத பதிப்பைப் பாராட்டிப் பேசினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. எழுந்து, நான்தான் பார்த்தேன், எட்டு மாதம் பார்த்தது நான், பார்த்தவள் நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன், சாப்பிடும்போது மறுபடி சொன்னேன், படுக்கும்போது மறுபடி. மூன்றாவது தடவை அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, "சரி, அந்தப் பக்கம் மாறினத எப்படிக் கண்டுபிடிச்ச? சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். அடிக்குறிப்பு எண் 14-க்கு அடுத்து 31 வந்ததைப் பார்த்துதான் சந்தேகம் வந்தது என்பது வரை சொன்னேன். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை.

பால் ஆறுவதற்குள் மகள் கை கால் கழுவிவிட்டு வந்துவிட்டாள். கேள்வியை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"எவ்வளவு வேகமா ஓடின? யாரெல்லாம் ஓடினாங்க?" என்று கேட்டேன்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். புங்கமரத்திலிருந்து கொடிக்கம்பம் வரைக்கும். ஐந்து பேர். நடுவில் செருப்பு கழன்றது, கழன்றதை விட்டுவிட்டு ஓடினாள். கொடிக்கம்பத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் பாதியில்தான் வந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் தானாகவே, "அவளுக்கு ரெண்டு நாளா ஜுரம்மா, அதான் அவளால ஓட முடியல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பிள்ளையைத்தான் சொல்கிறாள். பாலைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஜோஜோ கதை வரும் பகுதியைப் போட்டுக் காட்டினேன். தாத்தாவைப் பற்றியும், அவர் திரை பிடித்ததைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். தாத்தா போய் 11 வருஷம் ஆகிறது. அவரை இவர்கள் பார்த்ததில்லை. படம் முடியும்போது 4 வயது மகன் எழுந்து உள்ளே போனான். வரும்போது தலையில் குளியல் துண்டைச் சுற்றியிருந்தான், ஒரு முனை கண்ணை மறைத்துத் தொங்கியது. கட்டிலில் ஏறி, கையைத் தூக்கி, "நான்தான் மோஜோ! நான்தான் மோஜோ!" என்று கத்தினான்.

"டேய், எறங்குடா, அப்படி இல்ல" என்றாள் மகள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பருத்திப் புடவையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டாள். தம்பியை அதற்குப் பின்னால் நிறுத்தினாள். துண்டுத் தலைப்பாகை மட்டும் மேலே தெரிந்தது, ஆடியது. மறுமுனை தரையில் கிடந்தது. நான் போய் எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "வர்றது யாரு?"